சாதாரண சித்தி

சித்திக்குக் கணக்கு வராது என்பது எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, ஒழுங்கையின் இரு பக்கமும் இருந்த ஏழு வீடுகளுக்கும் தெரிந்த விசயம். சித்தி அம்மாவின் தங்கை. எனக்குப் பத்து வயதானபோது அவளுக்கு முப்பத்திரண்டு. கலியாணம் ஆகாமல் எங்களோடுதான் இருந்தாள். சுன்னாகத்துக்குக் கிழக்கே, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. சமையல் அவள் பொறுப்பு. வெங்காயம் கிண்டி எடுக்கிற காலத்தில் தோட்டத்து வேலையும் அவள் பொறுப்பு. மிச்ச நேரத்தில் ஒரே பிள்ளையான என்னைப் பார்ப்பதும் அவள் பொறுப்பு. அவளுக்கென்று சொந்தமாக இருந்தவை ஒரு தகரப் பெட்டியும் அதற்குள் பதினோராம் ஆண்டில் எழுதும் ஓ.எல். பரீட்சையின் பெறுபேற்றுத் தாளும்தான்.

அந்தத் தாளை நான் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். யுத்தத்தால் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் மூட்டை முடிச்சோடு சாவகச்சேரிப் பக்கம் நடந்துபோன வருடத்தில் அவள் எழுதிய பரீட்சை அது. ஏதோ ஒரு கோயில் மடத்தில் பத்துக் குடும்பங்களோடு இருந்துகொண்டு, இரவல் கொப்பியில் படித்து எழுதியிருக்கிறாள். எங்கள் நாட்டில் பரீட்சையில் பாஸ் பண்ணுவதைச் ‘சித்தி’ என்றுதான் தாளில் போடுவார்கள். நல்ல புள்ளி என்றால் திறமைச் சித்தி. மட்டுமட்டாகத் தப்பினால் சாதாரண சித்தி. சைவசமயம் திறமைச் சித்தி, தமிழ் திறமைச் சித்தி, விஞ்ஞானம் சாதாரண சித்தி என்று வரிசையாக வந்து, கணிதத்துக்கு நேரே மட்டும் சித்தியில்லை என்று இருந்தது. ‘சித்திக்குச் சித்தியில்லை’ என்று நான் கண்டுபிடித்துச் சொன்னபோது வீடே சிரித்தது. சித்தியும் சிரித்தாள். எதற்கும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் அவள் யோசிப்பாள்.

அந்த வருடப் பொங்கல் முடிந்து சில நாளில், அடுப்படியில் இருந்தபடியே ஒரு செய்தியை அறிவித்தாள்.

“அக்கா, நான் இந்த வருசம் கணக்குச் சோதினை திருப்பி எடுக்கப் போறன்.”

அம்மா கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தவில்லை. “என்னத்துக்கு?”

“சும்மாதான். எனக்கு அது வேணும்.”

“இனி ஆரும் உனக்கு உத்தியோகம் தரப் போகினமோ?”

“இல்லை.”

“பேந்து என்னத்துக்கு எண்டுதான் கேக்கிறன்.”

சித்தி அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். “எடுக்கட்டுமன். சோறு குழையாட்டில் சரி” என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அப்பாவின் தீர்ப்புகள் பெரும்பாலும் சோற்றைச் சுற்றியே இருக்கும்.

அடுப்படிச் சுவரில் கடைக்காரர் கொடுத்த தினக்கலண்டர் ஒன்று தொங்கியது. ஒவ்வொரு நாளும் ஒரு தாளைக் கிழிக்க வேண்டும். முன்பக்கத்தில் ராகுகாலமும் சுபநேரமும் இராசிபலனும் இருக்கும். பின்பக்கத்தில் ஒன்றும் இருக்காது. அந்தப் பின்பக்கத்தைச் சித்தி எடுத்துக்கொண்டாள். ஒரு நாளுக்கு ஒரு கணக்கு. உலையில் அரிசியைப் போட்டதும் தொடங்குவாள். சோறு வடிப்பதற்குள் விடை வந்துவிட வேண்டும். யாரும் அவளுக்குப் போட்ட சட்டமில்லை இது. பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பெட்டையிடம் இரவல் வாங்கிய புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடைகள் இருந்தன. சரி வந்தால் தாளை ஆணியில் தொங்கிய கம்பியில் குத்தி வைப்பாள். பிழைத்தால் அடுப்புக்குள் போடுவாள். முதல் ஒரு மாதம் கம்பி சும்மாதான் தொங்கியது. எங்கள் வீட்டுச் சோறு பாதி விறகாலும் பாதி சித்தியின் பிழைகளாலும் வெந்தது.

மாசி மாதத்தில் ஒருநாள் அடுப்படிக்குள் இருந்து “வந்திட்டுது!” என்று ஒரு கத்தல். கிணற்றடியில் நின்ற அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அப்பா சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசல் படலைக்குப் போனார்.

“ஆரடி வந்தது?”

“எக்ஸ்” என்றாள் சித்தி. “எக்ஸ் சமன் நாலு!”

“உவளுக்கு விசர்” என்று சொல்லிவிட்டு அம்மா கிணற்றடிக்குத் திரும்பினாள். அப்பா மட்டும், எதற்கும் யாராவது வரக்கூடும் என்பதுபோல, கொஞ்ச நேரம் படலையிலேயே நின்றார்.

அதற்குப் பிறகு எக்ஸ் அடிக்கடி வந்தது. சித்தி கரியால் சுவரில் கோடு போட்டு வைத்தாள். சித்திரை வருசத்துக்குள் சமன்பாடு முடிய வேண்டும், ஆடிப் பிறப்புக்குள் வட்டம் முடிய வேண்டும் என்று. வட்டம் படித்த கிழமைகளில் எங்கள் வீட்டுத் தேநீர்க் குவளைகளின் அடிப்பாகம் எல்லாம் பென்சில் கரியாக இருந்தது. ஒரு கோடு முடிந்து அடுத்த கோட்டுக்குப் போகிற நாளில் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவாள். எத்தனையோ பேர் எத்தனையோ பெரிய காரியங்கள் செய்து மகிழ்ந்ததைப் பிறகு பார்த்திருக்கிறேன். அரிசி கொதிக்கிற சத்தத்தோடு போட்டி போட்டு ஒரு விடையைப் பிடித்துவிட்ட சித்தியின் முகம் அவர்கள் யாருக்கும் இருந்ததில்லை.

எனக்கும் அந்த வருடம் ஒரு இலக்கு இருந்தது. அதை எனக்கு வைத்தவள் அம்மா. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுக்க வேண்டும். மேலே எடுத்தால் யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடம். கீழே எடுத்தால் ஊர்ப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் முடிந்து ரியூசன், ரியூசன் முடிந்து மாதிரி வினாத்தாள் புத்தகம். ஒரே விளக்கின் கீழ், ஒரே மேசையில், நான் அழுதுகொண்டு கணக்குச் செய்வேன், சித்தி சிரித்துக்கொண்டு கணக்குச் செய்வாள்.

“சித்தி, உங்களுக்குப் பயமாயில்லையோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“என்னை ஆர் அடிக்கப் போகினம்?” என்றாள்.

விண்ணப்பம் அனுப்பிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ‘போம்’ என்று நாங்கள் சொல்லும் அந்தப் படிவத்தை முதலில் பென்சிலால் மூன்று வெறுந்தாளில் எழுதிப் பார்த்தாள். பிறகுதான் பேனையை எடுத்தாள். அடையாள அட்டை இலக்கத்தை என்னை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். சைக்கிள் பாரில் என்னை இருத்திச் சுன்னாகம் தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டாள். வரும் வழியில் ஆளுக்கொரு ஐஸ்பழம் வாங்கித் தந்து, “உது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச கொண்டாட்டம்” என்றாள்.

என்னுடைய பெறுபேறு ஐப்பசியில் வந்தது. வெட்டுப்புள்ளிக்கு ஏழு குறைவு. அம்மா வாய்விட்டு அழுதாள். பிறகு நான் அழுவதைக் கண்டு பயந்துவிட்டாள். என் கையில் இருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டுபோய் அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். “கண்டாத்தானே கவலை. இனி அதைக் காணமாட்டாய், விடு” என்றாள். அவள் சொன்னது உண்மைதான். மூன்றாம் நாள் நான் முற்றத்தில் மாபிள் அடித்து விளையாடிக்கொண்டிருந்தேன். கவலைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்த மருந்தை நான் மறக்காமல் வைத்திருந்தேன் என்பதுதான் இந்தக் கதையின் கேடு.

கார்த்திகை தொடக்கத்தில் சித்திக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பிரான்சில் இருந்தார். பத்துப் பொருத்தத்தில் எட்டுப் பொருத்தம். மாப்பிள்ளையின் தாயும் தமக்கையும் ஒரு வான் பிடித்து வந்து இறங்கினார்கள். வீட்டில் பயற்றம் பணியாரம் சுட்டிருந்தார்கள். சித்தி அம்மாவின் கூறைச்சேலையைத் தவிர மற்ற எல்லாச் சேலைகளையும் உடுத்திப் பார்த்து, கடைசியில் ஒரு நாவல் நிறச் சேலையில் வந்து நின்றாள். எல்லோரும் நல்லபடியாகக் கதைத்தார்கள். “பிள்ளை ஏ.எல். வரைக்கும் படிச்சவ எண்டு தரகர் சொன்னவர்” என்று தாய்க்காரி சொன்னா. ஓ.எல். தாண்டினால்தான் ஏ.எல். படிக்கலாம். அம்மா பணியாரத் தட்டை அவவின் பக்கம் தள்ளினாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. சித்தியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எவ்வளவோ இருக்க, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். அடுப்படிக்கு ஓடிப்போய்க் கம்பியை ஆணியில் இருந்து கழற்றிக்கொண்டு வந்தேன். நூற்றுக்கு மேல் தாள்கள் இருந்திருக்கும், கனமாக இருந்தது.

“இதெல்லாம் சித்தி செய்த கணக்கு. எல்லாம் சரி. மார்கழியிலை ஓ.எல். கணக்குச் சோதினை எடுக்கப் போறா. இந்தமுறை கட்டாயம் பாஸ் பண்ணுவா.”

தமக்கைக்காரி குவளையைக் கீழே வைத்தா. “ஓ.எல்.லோ?” என்று மிகவும் மரியாதையாகக் கேட்டா.

நான்கு நாள் கழித்துத் தரகர் போன் எடுத்துச் சொன்னார். சாதகம் பொருந்தவில்லையாம். எட்டுப் பொருத்தமும் அந்த நாலு நாளுக்குள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. “உன்ரை வாயாலைதான் எல்லாம். அவளின்ரை வாழ்க்கையையே குழப்பிப் போட்டாய்” என்று அம்மா என் முதுகில் அறைந்தாள். “இனி இந்த வீட்டிலை கணக்குக் கதை வேண்டாம்” என்று அப்பா சொன்னார். அடுத்த நாள் அடுப்படியில் தினக்கலண்டர் இல்லை. அந்த இடத்தில், மாதத்துக்கு ஒரு தாளாக, இலட்சுமி படம் போட்ட மாதக்கலண்டர் தொங்கியது. கம்பியும் தாள்களும் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. சித்தி எனக்கு அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. வழக்கம்போலச் சீப்பால் என் தலையை இழுத்து, சோறு ஊட்டினாள். ஆனால் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. மத்தியானம் இரண்டு மணியானால் படலையடியில் போய் நிற்பாள். தபால்காரரின் சைக்கிள் மணி ஒழுங்கை முடக்கில் கேட்கும். அவர் கிட்ட வந்ததும், “வந்திட்டுதோ?” என்று கேட்பாள். எக்ஸ் வந்தபோது கத்திய அதே சொல்தான். இப்போது மெதுவாகக் கேட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

எனக்கு விளங்கிவிட்டது. பத்து வயதில் எனக்கு விளங்காதது எது இருந்தது? பிரான்சு மாப்பிள்ளை மனம் மாறிக் கடிதம் போடுவார் என்று காத்திருக்கிறாள். நான் குழப்பிவிட்ட கலியாணத்துக்காகக் காத்திருக்கிறாள். மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் வீட்டுக்குப் பின்பக்கம் போய்விடுவேன்.

அப்படியிருக்க ஒருநாள், சித்தி தோட்டத்தில் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தாள். அன்றைக்குத்தான் தபால்காரர் படலையில் இறங்கினார். என் கையில் ஒரு பழுப்பு உறையைத் தந்துவிட்டுப் போனார். சித்தியின் பெயர் இருந்தது. மூலையில் ‘பரீட்சை’ என்ற சொல்லை வாசித்தேன். உள்ளே இருப்பது அட்மிசன் கார்ட் என்று எனக்குத் தெரியும். அது இல்லாமல் யாரும் மண்டபத்துக்குள் போக முடியாது என்பதும் தெரியும்.

எனக்கு வந்தது கோபம். கலியாணத்தைக் குழப்பிய சனியன் இதுதானே. காத்திருந்த கடிதம் வராமல் இது வந்து முன்னால் நின்றால் சித்தி எவ்வளவு அழுவாள்? கண்டால்தானே கவலை. நான் உள்ளே போய், என்னுடைய புலமைப்பரிசில் வினாத்தாள் புத்தகத்தின் நடுவில் உறையை வைத்து மூடினேன். அந்தப் புத்தகத்தை இனி அந்த வீட்டில் ஒருவரும் திறக்கப்போவதில்லை. செய்த பிறகு மனம் ஆறுதலாக இருந்தது. சித்திக்கு நான் செய்த கெடுதலுக்கு ஒரு சின்ன நன்மையாவது செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சித்தி அதற்குப் பிறகும் படலைக்குப் போனாள். ஒருநாள் கிணற்றடியில், குளிப்பதற்கு முதல், சீமெந்துத் தரையில் ஈர விரலால் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடிய முதலே வெயில் முதல் வரியைக் குடித்துவிட்டது. மறுபடியும் விரலை வாளிக்குள் நனைத்து எழுதினாள். நான் கிட்டப் போனதும் காலால் தண்ணீரைத் தள்ளிவிட்டாள். மாப்பிள்ளையின் பெயரை எழுதிப் பார்க்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

இன்னொரு நாள் அவள் அப்பாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“அத்தார், அட்மிசன் இன்னும் வரேல்லை. ஒருக்கா விசாரிச்சுப் பாக்கேலாதோ?”

அப்பா வானொலியின் சத்தத்தைக் குறைக்கவில்லை. “வராட்டில் விட்டிடும் பிள்ளை. உதாலை பட்டது காணும்.”

“ஓம்” என்றாள் சித்தி. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சண்டை பிடித்திருக்கலாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போயிருக்கலாம். அடுத்தவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறோம் என்ற எண்ணம் உள்ளவர்கள் ஒன்றை இரண்டாந்தரம் கேட்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தச் சனியன் வந்துவிடுமோ என்று பயந்து விசாரிக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கணிதப் பரீட்சை நாளன்று வெள்ளைச் சட்டை போட்ட பெடியன்களும் பெட்டைகளும் விடியவே எங்கள் ஒழுங்கையால் சைக்கிளில் போனார்கள். சித்தி அன்றைக்கு வெள்ளெனக் குளித்து, தலை இழுத்து, நாவல் நிறச் சேலையை உடுத்திக்கொண்டு அடுப்படிக்குள் வந்து இருந்தாள். உலையில் அரிசி போட்டாள். சோறு கொதித்துப் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அவள் முன்னால்தான் இருந்தாள். பார்க்கவில்லை. அம்மா ஓடிவந்து பானையை இறக்கினாள்.

“என்னடி, பேய் அடிச்ச மாதிரி?”

“நான் போமிலை எங்கையோ பிழை விட்டிட்டன் அக்கா” என்றாள் சித்தி. “மூண்டு தரம் பாத்துத்தான் எழுதினன். அப்பிடியும் பிழை விட்டிருக்கிறன். எனக்கு ஒண்டும் சரிவராது.”

சொல்லிவிட்டு அழுதாள். அம்மாவும் அழுதாள். அம்மா பிரான்சு மாப்பிள்ளைக்காக அழுதாள் என்று நினைக்கிறேன். சித்தியும் போமைச் சாட்டி அவருக்காகத்தான் அழுகிறாள் என்று நான் அன்று நினைத்தேன்.

தை பிறந்தும் கடிதம் வரவில்லை. தரகர்தான் வந்தார். சாவகச்சேரியில் ஒரு கடைக்காரர், மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். சித்தி ஓம் என்றாள். அந்த வருடம் அவளிடம் எதைக் கேட்டாலும் ஓம் என்றுதான் சொன்னாள். பங்குனியில் கலியாணம் நடந்தது. அந்தப் பிள்ளைகள் அவளைச் சித்தி என்று கூப்பிட்டார்கள். தாயின் இடத்துக்கு வருகிறவளுக்கும் எங்கள் பாசையில் அதே சொல்தான்.

என்னுடைய ஓ.எல். அட்மிசன் கார்ட் பள்ளிக்கூடத்தில் தரப்பட்டபோது எனக்குப் பதினாறு வயது. அதில் என் பெயரையும் ‘கணிதம்’ என்ற சொல்லையும் பார்த்த நிமிசம் சித்தியின் பழுப்பு உறை நினைவுக்கு வந்தது. சித்தி படலையில் யாருக்காக, எதற்காக நின்றாள் என்பது, ஆறு வருடம் கழித்து, வகுப்பறை நடுவில் எனக்கு விளங்கியது. வீட்டுக்கு ஓடினேன். வினாத்தாள் புத்தகம் இல்லை. பழைய பேப்பர்காரருக்கு எப்போதோ போட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். யாரோ அதில் கச்சான் கடலை சுற்றி விற்றிருப்பார்கள். கணிதத்தில் எனக்கு அதிதிறமைச் சித்தி கிடைத்தது. பெறுபேற்றுத் தாளில் அந்தக் கடைசிச் சொல்லை நான் இன்றுவரை நேராக வாசித்ததில்லை.

போன மாதம் சாவகச்சேரிக்குப் போயிருந்தேன். சித்திக்கு அடையாள அட்டை தொலைந்துவிட்டது. புதிதுக்கு ஒரு போம் நிரப்ப வேண்டும். பெயர், பிறந்த திகதி, முகவரி. பத்து வரிகூட இல்லை. இரண்டு கிழமையாக அதை மேசையில் வைத்துக்கொண்டு என் வரவைப் பார்த்திருந்திருக்கிறாள்.

“நீயே நிரப்பு பிள்ளை. நான் தொட்டால் பிழைச்சுப் போகும். அப்பவும் அப்பிடித்தானே, உனக்கு ஞாபகமிருக்கோ?”

“ஞாபகமிருக்கு சித்தி” என்றேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். பேனையைத் திறந்தேன். அவள் பெயரை எழுதினேன். அடையாள அட்டை இலக்கத்தை அவள் ஒவ்வொரு எண்ணாக மனப்பாடமாகச் சொன்னாள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. எழுதி முடித்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டேன். அடுப்படிச் சுவரில் தினக்கலண்டர் தொங்கியது. கிழித்த தாள்களை அவள் அடுக்கி வைத்திருந்தாள். நான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பின்பக்கமும் வெறுமையாக இருந்தது. “அடுப்பு மூட்ட நல்லது” என்றாள் சித்தி.

அந்த மார்கழியில் நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒழுங்கை முடக்கில் இருந்த பிள்ளையாரிடம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் போனேன். பதினொரு தேங்காய் உடைப்பதாக நேர்ந்தேன். பத்து நாள் ஐஸ்பழம் தின்னாமல் இருந்தேன். கண்ணை மூடி, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டு, என் முழு மனதோடு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். சித்தி படலையில் நின்று காத்திருக்கிற கடிதம் எப்படியாவது அவள் கைக்கு வந்துவிட வேண்டும். கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய், புத்தகப் பையை அந்த வினாத்தாள் புத்தகத்தின் மேலேயே வைத்தேன்.